களங்கண்டிக்குள் ஒரு பாய்ப்படகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக் குசினியில் நின்று புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் புட்டு எங்கள் வீட்டில் என் பொறுப்பு; சிரிக்க வேண்டாம். அப்போது அக்காவின் மகள் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "மாமா, இது எங்கட குடா மாதிரியெல்லோ இருக்கு?" கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு அமத்திப் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். அன்றைய புட்டு கல்லாகிப் போனது.

ஒரு வெள்ளைக்காரச் சோடி. இளம் வயது. வெள்ளைப் பாய்ப்படகு ஒன்றில் தீவு தீவாகப் போகிறார்கள். ஆழம் குறைந்த கடல், கண்ணாடி போலத் தண்ணீர், மேலே இருந்து பறக்கும் கமராவில் படம் வேறு. அந்தப் பெண் தோளில் களிம்பு பூசிக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்கிறாள்: எங்களுக்கு முன்னால் இந்தத் தண்ணீருக்கு எவருமே வரவில்லை என்று நினைக்கிறோம்.

எவருமே வரவில்லையாம்! என் அக்காவின் புருஷன் அந்தத் தண்ணீரில் நாளுக்கு இரண்டு தரம் இடுப்பளவுக்கு இறங்கி நின்ற மனிதர். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொல்கிறாள். அதே காட்சியின் மூலையில் ஏதோ ஒரு கொம்பனியின் செம்மஞ்சள் மிதவைகள் ஆடுகின்றன. அதுகூடக் கண்ணில் படவில்லை.

பிறகு அந்தப் பெடியன் தண்ணீருக்குள் குனிந்து எதையோ காட்டினான். வற்றுக் காலம் போல, முழங்காலளவுதான் தண்ணீர். சேற்றில் கறுப்பாகக் கட்டைகள் தெரிந்தன. வட்டமாக நின்றன. ஒவ்வொன்றின் தலையும் மட்டமாக, பலகை போல. பழைய கோயிலாக இருக்குமோ என்று அவள் கேட்டாள். ஏதோ சடங்கு செய்த இடம் என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நான் குசினியில் நின்று சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். மனைவி எட்டிப் பார்த்து, "என்னப்பா, கையை வெட்டிப்போட்டியளோ?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். வெட்டினது வேறு கை, வேறு காலம்.

அந்தக் களிம்பின் மணம் எனக்குத் தெரியும். வெயிலுக்குப் பூசுகிற சாமான், தேங்காயும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு மணம். காலி வீதியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற பார்மசியில் யாராவது மூடியைத் திறந்து மணந்து பார்த்தால் போதும், நான் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொச்சிக்கடைக்குப் போய்விடுவேன். போவது மனம்தான். ஆனால் உடம்பும் வியர்க்கும்.

கொச்சிக்கடையில் துறைமுக மதிலுக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் கந்தோர். கப்பல் முகவர்கள் என்று பலகை தொங்கும். பெரிய கப்பலெல்லாம் பெரிய கந்தோர்களுக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது மிச்சம் மீதி: எஞ்சின் பழுதான இழுவைப் படகு, உப்பு ஏற்றுகிற கிழட்டுக் கப்பல், எப்போதாவது வெள்ளைக்காரரின் பாய்ப்படகு. எனக்கு இருபத்தைந்து வயது, கிளாக் வேலை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கழுத்தில் டை கட்டிக்கொண்டு போவேன். முதலாளி கட்டச் சொல்லவில்லை, நானாகத்தான் கட்டினேன். செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து வேதக் கோயிலுக்கு வருகிற சனத்துக்குள்ளால் அந்த டையோடு பிதுங்கி வெளியே வரும்போது என்னைப் பார்த்து எனக்கே பாவமாக இருக்கும்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். ஹான்ஸ், லீனா என்று ஒரு கணவனும் மனைவியும் பாய்ப்படகில் வந்து சேர்ந்தார்கள். அறுபது வயது இருக்கும். வீட்டை விற்றுவிட்டுக் கடலில் அலைகிறார்களாம். மூக்குத் தோல் உரிந்து, அந்தக் களிம்பு மணத்தோடு படியேறி வந்தார்கள். எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட் தந்தார்கள். என் பெயரை மூன்று தரம் சொல்லிப் பழகிச் சரியாகச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள். இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆத்திரம். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டுவது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

அவர்களுக்கு வடக்கே போக வேண்டும். தீவுகளுக்கு நடுவில், ஆழமில்லாத கடலில், ஆறுதலாகப் பாய் விரித்துப் போக வேண்டும். அவர்களுடைய படகின் வயிற்றடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தகட்டை மேலே தூக்கி வைக்கலாம். அப்படித் தூக்கினால் தொடையளவு தண்ணீரிலும் போகும். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதியது நான். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது.

இந்த இடத்தில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஏன் பல்லு நறநறத்தது என்று உங்களுக்கு விளங்காது. சண்டையோடு மூடிக் கிடந்த அதே குடாவுக்கு மீன் தொழிலுக்குப் போக ஒரு பாஸ் கேட்டு அவர் பதினாலு மாதமாக நடந்துகொண்டிருந்தார். சண்டையின் கடைசிக் காலத்தில் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தீவிலிருந்து வந்தவர். மட்டக்குளியில் இரண்டு அறை வீடு, ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் முற்றத்துக் கேற்றடியில் லொறி இலக்கம் எழுதுகிற வேலை. கடலைத் தவிர வேறொன்றும் பழகாத மனிதர், புழுதிக்குள் நின்று இலக்கம் எழுதினார். மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுப் பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போவார். வாசலில் நிற்கிறவன் மரியாதையாகத்தான் சொல்வானாம்: "அய்யே, பொட்டக் இன்ன." கொஞ்சம் நில்லுங்கோ என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் பின்னேரம் நாலு மணிவரைக்கும் போகும். பிறகு என் கந்தோருக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறுவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கொதித்தேன், அதுவும் டையைத் தளர்த்திவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல்.

அத்தானுக்குப் பதினாலு மாதமாகியும் இல்லை, வெள்ளைக்காரருக்கு ஒன்பது நாள். சரி, விடுங்கள்.

முதலாளி நல்ல மனிதர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் ஆள். அவர்தான் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பக்கத்து ஆழத்துக்கு இவங்கட்ட சரியான படம் ஒண்டும் இல்லயாம். ஒங்கட மச்சான் அங்கத்த ஆள்தானே? ஒருக்கா கேட்டுப் பாருங்களே."

எனக்கு வந்த கோபத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓகே சேர்" என்றேன்.

அந்த ஞாயிறு மட்டக்குளிக்குப் போனேன். அத்தான் ஆட்சேபணை எதுவும் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டார்! சுவரில் தொங்கிய ஹாட்வெயார் கடைக் கலண்டரில் முடிந்த மாதத்துத் தாளைக் கிழித்து, நிலத்தில் கவிழ்த்துப் போட்டு, போல்பொயின்ற் பேனையால் குடாவைக் கீறத் தொடங்கினார். எந்தக் கல், எந்த மணல்திட்டு, சோளகக் காற்றில் எங்கே எத்தனை முழம், எந்தப் பக்கம் சேறு காலை இழுக்கும், எல்லாம் போட்டார். இரண்டு மணித்தியாலம் நிமிரவில்லை. அக்கா மீன்குழம்பு ஆறுகிறது என்று இரண்டு தரம் வந்து சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை; சுவரில் சாய்ந்து நின்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு வரிசைப் புள்ளிகள் வைத்தார். கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகப் போய், முடிவில் ஒரு வட்டம். அதுதான் அவருடைய களங்கண்டி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆழமில்லாத கடலில் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டுவார்கள். மீன் வலையில் முட்டி, அதன் ஓரமாகவே நீந்தி, முடிவில் இருக்கிற வட்டத்துக்குள் போய்விடும். போனது திரும்பி வராது. ஒரு குடும்பம் தடி நடுகிற இடத்தைப் பாடு என்போம். அத்தானுடைய தடிகள் வைரம் பாய்ந்த பனை. வலையைக் கழற்றிவிட்டு வந்தாலும் தடிகளை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

"வேற ஒண்டும் வேண்டாம் தம்பி," என்றார். "என்ர தடி நிக்குதோ எண்டு மட்டும் பாத்து வந்து சொல்லச் சொல்லு."

கந்தோரில் அடிமட்டம் வைத்து நல்ல தாளில் அந்தப் படத்தைத் திருப்பி வரைந்தேன். மை ஊறாத பேனை, ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. என் கைவேலையில் எனக்கே ஒரு பெருமை. புள்ளிகளின் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'தடிகள்' என்று மட்டும் எழுதினேன். அது வலைத்தடி, கிட்டப் போக வேண்டாம் என்று அத்தான் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. எங்கள் தீவில் பிறந்த எவனும் எழுதமாட்டான். மற்றவனுடைய களங்கண்டிக்குள் படகை விடக்கூடாது என்று யாராவது யாருக்காவது எழுதிக் கொடுப்பார்களா? மற்றவனுடைய சட்டைப்பைக்குள் கை விடாதே என்று எழுதிக் கொடுப்பதுபோல இருக்கும்.

ஆனால் அவர்களுடைய ஊரில் கடலில் வரிசையாகத் தடி நட்டிருந்தால் அதுதான் படகு போகிற வழியாம். அதை நான் தெரிந்துகொண்டது அவர்கள் திரும்பி வந்த பிறகு.

பன்னிரண்டு நாளில் வந்தார்கள். படியேறும்போதே களிம்பு மணம். லீனா என்னைக் கட்டிப்பிடித்து, உன் படம் எங்களுக்கு வழிகாட்டியது என்றாள். மடிக்கணினியைத் திறந்து என் மேசையில் வைத்தார்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, ஒருவர் பேச்சை மற்றவர் மறித்து, சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். தடி வரிசையைப் பிடித்துக்கொண்டே போனார்களாம். அற்புதமான வழி, வழிகாட்டித் தடிகளை எவ்வளவு ஒழுங்காக நட்டிருக்கிறார்கள் என்று வியந்துகொண்டே போனார்களாம். போய் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். மீன் மாதிரியே! வற்று வந்து படகு சேற்றில் குந்திவிட்டது, காற்று தடிகளோடு சேர்த்து நெரித்தது. பெருக்கு வரும்வரை காத்திருந்து, வந்த வழியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஹான்ஸ் மரம் அறுக்கிற வாளை எடுத்தார். வட்டம் முழுவதையும் அறுத்தார். பிறகு, இருக்கிறது ஏன் வீணாக வேண்டும் என்று வரிசையில் நின்றவற்றையும் அறுத்து, கரையில் போட்டு எரித்து மீன் சுட்டார்களாம்.

"அருமையான விறகு," என்றார் ஹான்ஸ்.

ஒரு படத்தில் தடிகள் நிற்கின்றன, நேராக, ஒன்றுகூடச் சாயாமல். அடுத்த படத்தில் நெருப்பு. அதற்கடுத்த படத்தில் லீனா மீனைக் கையில் பிடித்துச் சிரிக்கிறாள். போகும்போது எனக்கு ஒரு பரிசு தந்தார்கள்: அந்தத் தடியில் வட்டமாக அறுத்த ஒரு துண்டு, உள்ளங்கை அகலம், வார்னிஷ் பூசியது. கடதாசிகளின் மேல் பாரமாக வைக்கலாமாம்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மேசையைக் கவிழ்த்தேனா? அது யாருடைய தடி தெரியுமா என்று கேட்டேனா? "தாங்க்யூ" என்றேன். "யூ ஆர் வெரி கைண்ட்" என்றும் சொன்னேன். டை வேறு கட்டியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் கந்தோருக்கு வந்தார். பிளேன்டீ வந்தது. குடிக்கவில்லை; கிளாசைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டும் நிக்கேல்லையாம் அத்தான். எல்லாம் உக்கி விழுந்திட்டுதாம்."

எதற்காக அப்படிச் சொன்னேன்? அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்னேன் என்றுதான் பல வருடம் எனக்கே சொல்லி வந்தேன். பொய். தடி அறுந்தது என் அடிமட்டத்தால் என்று ஒப்புக்கொள்ளப் பயம், அவ்வளவுதான். மேசை லாச்சிக்குள் அந்தப் பனைத்துண்டு கிடந்தது. அவருடைய முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். "உக்கிப் போச்சோ?" என்று ஒரு தரம் கேட்டார். "வைரத்தடியெல்லோ" என்றார். பிறகு "சரி" என்றார். பாஸ் கேட்டுப் போவதை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் குடாவைத் திறந்தார்கள். பதிந்துவிட்டுத் தொழில் செய்யலாம் என்றார்கள். அத்தான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. புதிதாகத் தடி நட்டால் சரிதானே என்று நினைத்தேன். விளங்க வைத்தவர் கனகு அண்ணை. குடாவில் அத்தானுடைய பாட்டுக்கு அடுத்த பாடு அவருடையது. லண்டனில் இருக்கிற மகளிடம் போவதற்காகக் கொழும்புக்கு வந்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை பஸ் தரிப்பில், மெழுகுதிரி விற்கிறவர்களுக்கு நடுவில் நின்று சொன்னார்.

"தடி தானாய் உக்கி விழுந்தால் அவன் பாட்டை விட்டிட்டான் எண்டுதான் அர்த்தம், தம்பி. அதுதான் எங்கட வழமை. பிறகு வந்து நடேலாது. ஆரும் அறுத்திருந்தால் கதை வேற. அறுத்தவன் கள்ளன், பாடு அவன்ர பாடுதான். பக்கத்துப் பாட்டுக்காரர் நாங்கள் இரண்டு பேரும் ஓம் எண்டு சொன்னால் நாளைக்கே போய் நடலாம். உக்கிப் போச்செண்டு அவனே சொல்லுறான், நான் என்ன செய்ய?"

சாட்சி நான் பக்கத்திலேயே நின்றேன், அறுத்த துண்டு லாச்சியில் இருந்தது, ஓம் என்று சொல்ல வந்த மனிதர் எதிரே நின்றார். வாயைத் திறந்தால் போதும். மட்டக்குளி பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போகலாம்; அந்த பஸ்ஸில் எனக்கு வேலையே இல்லை.

ஆகவே, போன ஞாயிறு அந்த இளம் சோடியை நான் திட்டினேன் என்றால், அந்தத் திட்டில் முக்கால்வாசி யாருக்கு என்று உங்களுக்கு விளங்கும். மீதிக் கால்வாசி அவர்களுக்குத்தான். அதில் ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன்.

கல்லான புட்டை அப்படியே வைத்துவிட்டு, அலுமாரியில் பழைய டைகளுக்கு அடியில் கிடந்த பனைத்துண்டை எடுத்துக்கொண்டு மட்டக்குளிக்கு பஸ் ஏறினேன். அக்காவின் மகள் அவர்களுக்கும் வீடியோவை அனுப்பியிருந்தாள். அத்தான் கதிரையில் இருந்தார். இப்போது முழங்கால் மடியாது. கைபேசியில் அந்தக் கட்டைகள் தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

"தம்பி, இஞ்ச பார். உக்கின கட்டையின்ர தலை கூராய், தேஞ்சு போய் இருக்கும். இது மட்டமாய் நிக்குது. இது ஆரோ வாளால அறுத்தது."

துண்டை அவர் மடியில் வைத்தேன். சொன்னேன். படம், 'தடிகள்', வாள், நெருப்பு, மீன், வார்னிஷ், எல்லாம். அக்கா குசினி வாசலில் நின்று கேட்டாள். "உனக்கு வாய் இருந்ததெல்லோடா?" என்றாள். "இவ்வளவு வருசமும் இந்த வாயாலதானே எங்கட வீட்டில சாப்பிட்டனி?" கையிலிருந்த அகப்பையை எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எறியவில்லை.

அத்தான் பெருவிரலால் துண்டின் முகத்தைத் தடவினார்.

"அவை அறுக்கேக்கை தடி நேராய் நிண்டதோ?"

"ஓம் அத்தான்."

"எல்லாமோ?"

"எல்லாம். படத்தில பாத்தனான்."

"அப்ப உக்கேல்லை," என்றார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. "அப்ப அது எங்கட பாடுதான்."

அந்த இடத்தில் இப்போது கொம்பனியின் மிதவைகள் ஆடுகின்றன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் சொல்ல வேண்டிய இரண்டு பேரில், மற்றப் பக்கத்துப் பாட்டுக்காரர் செத்து நாலு வருடம்; மிஞ்சியது கனகு அண்ணை. அத்தான் லண்டனுக்கு, கனகு அண்ணையின் மகளுக்கு, அக்காவைக் கோல் எடுக்கச் சொன்னார். எடுத்ததும் கைபேசியை வாங்கி என்னிடமே நீட்டினார். "சாட்சி நீதானே. நீ சொல்லு."

சொன்னேன். மறுபக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம். "அப்பா இப்ப ஒருத்தரையும் மட்டுக்கட்டுறேல்லை அங்கிள். என்னையே ஆரெண்டு கேக்கிறார்," என்றாள் அவள். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். "பாடு எண்டு என்னவோ சொன்னீங்கள், அது காணியோ அங்கிள்?" கடல் என்றேன். "ஓகே அங்கிள்," என்றாள். "ஓகே, ஓகே."

அத்தான் கதிரையிலிருந்து முன்னுக்குச் சரிந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கனகு என்னவாம்?"

"ஓமாம் அத்தான்," என்றேன். "உங்கட பாடுதானாம்."